ஒரு வீடு, ஒரு கைப்பேசி: மரக்காணம் கரையில் இணையவழிக் கல்வி

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் ஒன்றியத்தைச் சேர்ந்த முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கொரோனா ஊரடங்கால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு நவம்பர் 1 அன்றுதான் திறக்கவிருந்தன. இடைப்பட்ட பத்தொன்பது மாதங்களும் பாடம் கல்வித் தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும்தான் நடந்தது. அந்தக் காலம் முடியும் நேரத்தில் அரசு தேர்ந்தெடுத்த மருந்து இன்னொரு செயலி அல்ல. பிளஸ் டூவோ பட்டப்படிப்போ முடித்த உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவர், சுமார் இருபது பிள்ளைகள், மாலையில் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. முதலில் 12 மாவட்டங்கள், பிறகு மாநிலம் முழுவதும்.

இத்தனைக்கும் அப்போது தமிழில் பாடக் காணொளிகளுக்குப் பஞ்சம் இல்லை. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 முதலே ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. மத்திய அரசின் ‘தீக்‌ஷா’ தளம் 2017 செப்டம்பரில் வந்துவிட்டது. 2018இல் தொடங்கிய புதிய பாடத்திட்ட நூல்களில் க்யூஆர் கோடு அச்சாகியிருந்தது. பண்டம் நிறைய இருந்தும் பிள்ளையின் கைக்கு ஏன் போய்ச் சேரவில்லை என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்காமல் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பயனுள்ள இணையதளங்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவது எளிது. மரக்காணத்தில் அந்தப் பட்டியல் பயன்படாது.

காரணம் இந்தக் கரையின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டி மூவாயிரம் ஏக்கருக்கும் மேல் விரிந்த உப்பளங்கள். சாலைக்குக் கிழக்கே எக்கியார்குப்பம், கூனிமேடு, அனுமந்தை என நீளும் மீனவர் ஊர்கள். தை, மாசியில் தொடங்கும் உப்பு வேலை புரட்டாசி வரை ஓடும். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது. வெண்மையில் கண் கூசும். அதனால் விடியுமுன்பே அப்பா, அம்மா இருவரும் அளத்துக்குப் போய்விடுவார்கள். பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்புவது பாட்டியோ மூத்த அக்காவோ. வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு தொடுதிரைக் கைப்பேசி. அதுவும் அப்பாவின் சட்டைப் பையில் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அளங்கள் மூழ்கினால் வேலையும் கூலியும் நின்றுவிடும். பெற்றோர் வீட்டில் இருக்கிற அந்த மாதங்களில்தான் ரீசார்ஜ் செய்யக் காசு இருக்காது. 2024 ஜூலையில் ஜியோவின் நாளுக்கு ஒன்றரை ஜிபி, 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. நகரத்து வீட்டுக்கு இது பொருட்டல்ல. கூலி நின்றுபோன வீட்டில் இந்த அறுபது ரூபாயும் கணக்கில் வரும்.

கைப்பேசி இருந்தாலே படிப்பு வந்துவிடாது என்பதற்குத் தேசிய அளவிலும் சான்று உண்டு. பிரதம் அமைப்பின் 2024ஆம் ஆண்டு ‘ஏசர்’ ஆய்வின்படி, ஊரக இந்தியாவில் 14 முதல் 16 வயதுள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் வீட்டில் திறன்பேசி இருக்கிறது. அதைக் கையாளத் தெரிந்தவர்களில் ஆய்வுக்கு முந்திய வாரத்தில் சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம், ஏதேனும் ஒரு கல்விச் செயலுக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். இந்த 57ஐக் குறைவு என்று தள்ளிவிடத் தேவையில்லை. ஆனால் அதே நிறுவனம் 2022இல் கண்ட இன்னொரு உண்மை கலங்க வைக்கிறது. தமிழ்நாட்டு ஊரகங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம் மட்டுமே. 2018இல் இது 10.2 ஆக இருந்தது. வாசிக்கவே தடுமாறும் பிள்ளையிடம் எந்தத் தளத்தின் முகவரியைக் கொடுத்து என்ன பயன்?

இந்த இடத்தில், இதே சோழமண்டலக் கரையில் நடந்த ஓர் ஆய்வை நினைவுபடுத்த வேண்டும். தமிழ் வாசகர்களிடையே அது போதிய அளவு பேசப்படவில்லை. 1999இல் டெல்லி கால்காஜியில் சேரிக்கும் தன் அலுவலகத்துக்கும் நடுவிலிருந்த சுவரில் கணினியைப் பதித்து, ‘சுவரில் ஓர் ஓட்டை’ என்ற சோதனையால் உலகப் புகழ்பெற்ற சுகதா மித்ரா, சுனாமி தாக்கிய காளிக்குப்பம் என்ற ஊரிலும் அப்படியொரு கணினியை வைத்தார். அதில் ஏற்றியது மூலக்கூறு உயிரியல் பாடம், அதுவும் ஆங்கிலத்தில். தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகள் தாங்களே தட்டிப் பார்த்து, கூடிப் பேசிக் கற்றார்கள். தேர்வு வைத்தபோது, அந்தப் பாடத்தை வகுப்பில் படித்த பக்கத்து அரசுப் பள்ளி மாணவர்களின் மதிப்பெண்ணை எட்டியிருந்தார்கள். அதற்கு மேல் ஏறவில்லை. அப்போது மித்ரா ஒரு காரியம் செய்தார். பிள்ளைகளுக்குப் பழக்கமான உள்ளூர்ப் பெண் ஒருவரை அவர்களோடு இருக்கச் சொன்னார். அவருக்கு உயிரியல் தெரியாது. பேத்தியின் தோளுக்குப் பின்னால் நின்று ‘இது என்னது, எப்படிக் கண்டுபிடிச்சே, இன்னொரு தடவை காட்டு’ என்று வியக்கும் பாட்டியைப் போல அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த தேர்வில் காளிக்குப்பத்துப் பிள்ளைகள், தகுதிபெற்ற ஆசிரியர்களிடம் படித்த டெல்லித் தனியார் பள்ளி மாணவர்களுக்கு நிகராக வந்தார்கள். மித்ராவும் ரிது டங்வாலும் 2010இல் வெளியிட்ட இந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘தானாகக் கற்றலின் எல்லைகள்’ என்ற கருத்து இருக்கிறது.

மித்ராவை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. டெல்லிக் கணினிகளை நேரில் பார்த்த கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் மார்க் வார்ஷவர், பிள்ளைகள் பெரும்பாலும் விளையாடுவதிலும் படம் வரைவதிலுமே நேரத்தைக் கழித்ததாக எழுதினார். இருவர் எழுதியதையும் சேர்த்துப் படித்தால் ஒன்றில் அவர்கள் உடன்படுவது தெரியும்: பக்கத்தில் ஆள் இல்லாத திரைக்கு ஓர் எல்லை உண்டு.

இல்லம் தேடிக் கல்வியின் விளைவையும் பொருளியலாளர்கள் அளந்திருக்கிறார்கள். அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் ஊரகத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஊரடங்கில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 சதவீதம் மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கணிப்பு. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஊர்ப் பெண்கள் செய்த வேலை இது.

ஆகவே மரக்காணம் போன்ற கரைக்கு எந்த இணைய வளம் உதவும் என்று சலிக்க நான்கு கேள்விகள் போதும். தமிழில் இருக்கிறதா? ஒருமுறை இறக்கிவைத்தால் பிறகு இணையம் இல்லாமல் ஓடுமா? பாடநூலோடு ஒட்டுகிறதா? பக்கத்தில் அமரும் அக்காவுக்கோ பாட்டிக்கோ பாடம் தெரியாவிட்டாலும் நடக்குமா?

நான்குக்கும் பெரும்பாலும் ‘ஆம்’ என்று வருவது வாசிப்புப் பயிற்சிக்கான கூகுளின் ‘ரீட் அலாங்’. 2019இல் ‘போலோ’ என்ற பெயரில் இந்தியாவில் வந்து, பிறகு பெயர் மாறிய இலவசச் செயலி இது. திரையில் கதை வரி வரியாகத் தோன்றும். பிள்ளை உரக்க வாசிக்க, ‘தியா’ என்ற சித்திரச் சிறுமி காது கொடுத்துக் கேட்கிறாள். சொல்லைச் சரியாகச் சொன்னால் நிறம் மாறும். தடுக்கினால் அந்தச் சொல்லை விரலால் தொட்டால் தியா உச்சரித்துக் காட்டுவாள். கதை முடிந்தால் நட்சத்திரம். கதைகளை இறக்கிவைத்துவிட்டால் பிறகு இணையம் வேண்டாம். 2022 ஜூன் 1 முதல் 12 வரை இல்லம் தேடிக் கல்வி மையங்களில் இதே செயலியைக் கொண்டு மாநிலம் தழுவிய வாசிப்பு மாரத்தான் நடந்தது. 18 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வாசித்தார்கள். தன்னார்வலரின் கைப்பேசியைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து முறை வைத்துப் படித்தாலே போதுமானதாக இருந்தது. கூச்சத்தால் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, தப்பைப் பார்த்துச் சிரிக்காத தியாவிடம் வாய் திறக்கிறது. இதைச் சிறிய விஷயமாக எண்ணக் கூடாது. ஆனால் படித்த கதையில் என்ன நடந்தது என்று கேட்பதற்குத் தியாவால் ஆகாது. அதற்கு அக்கா வேண்டும்.

வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு அடுத்துக் கதை வேண்டும். பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளில் திறந்த ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. எல்லாம் படைப்பாக்கப் பொதுமங்கள் உரிமத்தில் உள்ளவை. இறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஓர் ஆசிரியர் பத்துக் கதைகளை அச்சிட்டுத் தைத்தால் கைப்பேசியே இல்லாத வகுப்பு நூலகம் ஆகிவிடும். உப்பள வீடுகளுக்கு இணையம் செய்யக்கூடிய பெரிய உதவி சில நேரம் இப்படிக் காகிதமாகத்தான் வரும். பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் வெளியிடும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ சிறார் இதழ்களும் ஆசிரியர்களுக்கான ‘கனவு ஆசிரியர்’ இதழும் இதே வகையில் சேரும். தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017 முதல் நடத்தும் மின்னூலகத்தில் பழைய சிறார் நூல்களும் பாடநூல்களும் ஆயிரக்கணக்கில் வருடிவைக்கப்பட்டுள்ளன. அதன் மழலைக் கல்விப் பகுதியை அயலகத் தமிழ்ப் பெற்றோர் நன்றாக அறிவார்கள். மதுரைத் திட்டமும் (1998) ஈழத்து நூலகம் திட்டமும் (2005) தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்தவை; மேல்நிலை மாணவருக்கும் தமிழாசிரியருக்கும் இவை பெரும் கொடை.

பாடநூலோடு நேரடியாக ஒட்டுவது க்யூஆர் கோடுதான். பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. தீக்‌ஷா செயலியைத் திறந்து குறியீட்டின் மேல் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளியோ பயிற்சியோ வரும். கேமரா கீறிப்போன கைப்பேசி என்றால், குறியீட்டின் கீழே அச்சிட்டிருக்கும் ஆறெழுத்துக் குறியைத் தட்டச்சு செய்தாலும் போதும். பள்ளியின் வைஃபையில் ஆசிரியர் இறக்கிக் கொடுத்தால் வீட்டில் டேட்டா செலவாகாது. மாநில அரசு 2023 ஜூலையில் வெளியிட்ட ‘மணற்கேணி’ செயலி பாடங்களைச் சிறு சிறு கருத்துகளாகப் பிரித்து அசைவுப்படக் காணொளிகளாகத் தருகிறது. தமிழ் விளக்கம் தெளிவாக இருக்கிறது. அறிவியலுக்கும் கணக்குக்கும் இதையே முதலில் பார்க்கச் சொல்லலாம்.

ஆசிரியர்களுக்கு இந்தக் கரையில் கிடைக்கும் வாய்ப்பு பல ஊர்களில் கிடைக்காதது. உப்பளமே ஒரு வேதியியல் கூடம். கடல்நீரின் அடர்த்தி போமே அளவுகோலில் மூன்று, மூன்றரை டிகிரி. பாத்தி பாத்தியாக வெயிலில் காயக் காய அது ஏறும். 25 டிகிரியை நெருங்கும் முன்பே ஜிப்சம் படிந்துவிடும்; 25ஐத் தாண்டினால் உப்பு பூக்கத் தொடங்கும்; 30ஐ எட்டவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். அளத்து வேலையாட்கள் இதைக் கருவியை மிதக்கவிட்டு ‘டிகிரி’ பார்த்தும், நீரின் நிறத்தைக் கொண்டும் கணிக்கிறார்கள். பாடநூல் இதே விஷயத்தை ‘தெவிட்டிய கரைசல்’ என்று சொல்லும்போது, அம்மா அன்றாடம் செய்கிற வேலைதான் இது என்று பிள்ளைக்குத் தோன்றுவதே இல்லை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ தளத்தில் கரைசலின் செறிவைக் காட்டும் இலவச ஊடாட்டப் பயிற்சி ஒன்று இருக்கிறது. தண்ணீரை ஆவியாக்கும் பட்டையை இழுத்தால் செறிவு மானி ஏறும்; ஓரளவுக்கு மேல் போனால் திடப்பொருள் அடியில் படியும். இதைப் பள்ளிக் கணினியில் இறக்கிவைத்து, ஒரு கிளாஸ் அளத்து நீரையும் மேசையில் வைத்து நடத்தும் வகுப்பை எந்த மாணவரும் மறக்கமாட்டார். கருவிகள் வாங்கப் பணமில்லாத பள்ளிக்கு அரவிந்த் குப்தாவின் குறும்படங்கள் உண்டு. தீப்பெட்டி, உறிஞ்சுகுழல், சைக்கிள் டியூப் துண்டு போன்ற கழிவுப் பொருள்களால் அறிவியல் பொம்மை செய்யச் சொல்லித்தருபவை; தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

வரலாறும் சூழலியலும் இதே மாதிரிதான். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலரின் முடிவு. மூலமும் உரையும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மேற்கே கழுவெளி என்ற சதுப்புநிலம். 2021இல் 5,151 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் பூநாரை முதல் உள்ளான் வரை வந்து இறங்கும் அந்தச் சதுப்பில், பிள்ளைகள் கண்டதை ‘ஈபேர்ட்’ தளத்தில் பதிந்தால் அது உலக ஆய்வாளர்கள் எடுத்தாளும் தரவாகிறது. 2015 முதல் ஆண்டுதோறும் தை மாதத்தில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பள்ளிகளும் சேரலாம். பார்ப்பது, எண்ணுவது, பெயர் தேடுவது, எழுதுவது என ஒரே வேலையில் நான்கு பாடம் கிடைக்கும். தமிழ் விக்கிப்பீடியாவில் தன் ஊர்க் கட்டுரையைத் திருத்தி எழுதும் மாணவி, சான்று காட்டாத தகவலை நம்பக் கூடாது என்பதையும் அங்கேயே கற்றுக்கொள்வாள்.

பெற்றோருக்கு வேண்டியது வேறு. அவர்களுக்குப் பாடக் காணொளியைவிடச் சான்றிதழும் உதவித்தொகையும் முக்கியம், அதில் தவறே இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பதிவானது. மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. இத்தகைய வெள்ளங்களில் தகரப் பெட்டிக்குள் வைத்த சான்றிதழ்களும் பாடநூல்களும்தான் முதலில் ஊறிப்போகும். 2015இல் தொடங்கிய ‘டிஜிலாக்கர்’ கணக்கில் தேர்வுத் துறை நேரடியாக வழங்கும் 10, 12ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைப் பெற்றுச் சேர்த்துவைத்தால் சட்டப்படி அது மூலச் சான்றுக்கு இணை. நனைந்த பாடநூலுக்குப் பதிலாகப் பாடநூல் கழகத் தளத்தில் ஒன்றாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை எல்லா நூல்களும் இருக்கின்றன. ஐப்பசி பிறக்குமுன்பே பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஒரு மாலை ஒதுக்கி, பெற்றோர் எல்லாருக்கும் இந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்துவிடலாம். ஆதாரும் அதனோடு இணைந்த கைப்பேசி எண்ணும் கையில் இருந்தால் சில நிமிட வேலை.

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறும் பிள்ளைக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. ஆண் பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன். எல்லாமே இணைய விண்ணப்பம்தான். ஐயம் இருந்தால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணை அழைக்கலாம். ‘உங்க பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கு, இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க’ என்று வரும் அழைப்பு மோசடி என்பதையும் இதே மூச்சில் சொல்லியாக வேண்டும். பணம் பெறுவதற்கு யாரும் ஸ்கேன் செய்யவோ ஓடிபி சொல்லவோ தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930ஐ அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை வழியிலேயே தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

ஒரு குறையையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். செயலிகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன. வருகைப் பதிவுக்கு ஒன்று, மதிப்பீட்டுக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று எனத் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் நேரம் தரவு ஏற்றுவதில் கரைகிறது. 2024இல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி வழங்கியது நல்ல காரியம். அதில் பிள்ளை கதை வாசிக்கும் நேரம் ஆசிரியர் தரவு ஏற்றும் நேரத்தைவிடக் கூடுதலாக இருந்தால்தான் போட்ட பணத்துக்குப் பலன். முதலியார்குப்பத்தில் தொடங்கிய மாலை வகுப்புகளின் எண்ணிக்கையோ பின்வந்த ஆண்டுகளில் குறைக்கப்பட்டது. இதை ஏற்க முடியவில்லை. ஆய்வு பலன் காட்டிய இடத்திலேயே ஆளைக் குறைத்து, திரையைப் பெருக்குவது தலைகீழ்க் கணக்கு.

இதை மாற்றும் வழி ஊரிலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். 2022இல் தமிழ்நாடு முழுவதும் இக்குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. கூட்டத் தீர்மானங்கள் பெற்றோருக்கான செயலி வழியே துறைக்குப் போகின்றன. மழை மாதங்களில் பள்ளியின் வைஃபையை மாலை ஆறரை வரை திறந்துவைப்பது, பிளஸ் டூ முடித்த ஊர்ப் பெண் ஒருவருக்கு ஊக்கத்தொகை கேட்பது, ஐம்பது கதைகளை அச்சிட்டு வாங்குவது என மூன்றையும் ஒரே தீர்மானத்தில் எழுதிவிடலாம். உப்பு வேலை நிற்கிற ஐப்பசியில் கூட்டம் வைத்தால் அளத்துக்குப் போகிற அம்மாக்களும் வந்து கையெழுத்துப் போட முடியும்.